சம்பந்தியின் வெள்ளைச் சட்டை

திண்டிவனம்
15.5.2025

அன்புள்ள கலைக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று உன் அம்மா சொன்னாள். பெயிண்ட் கரைக்கிற தின்னரில் ஊறி ஊறி என் விரல் ரேகையெல்லாம் தேய்ந்துவிட்டது, அந்தப் போன் என் விரலை அடையாளம் கண்டு திறப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால்தான் காகிதம்.

கண்ணை மூடினால் திருவக்கரைக் கோயில்தான் வருகிறது. நீங்கள் அழைத்து நான் வந்திருந்த பௌர்ணமிக் கூட்டம். உன் மாமனார் காரிலிருந்து இறங்குகிறார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளைச் சட்டையில் கறுப்பு. கதவில் கை வைக்கிற இடத்தில் நான் அடித்த பெயிண்ட் அவர் கையோடு எழுந்து வந்துவிட்டது. கண்டக்டர் வேலையில் ஆயுசு முழுக்கக் காக்கி போட்டுவிட்டு, ரிட்டையர் ஆன பிறகு வெள்ளையைத் தவிர வேறெதையும் தொடாத மனிதர். "சம்பந்தின்னு நம்பி வண்டியக் குடுத்தேன், கரியப் பூசி அனுப்பிட்டீங்களே!" என்று கத்தினார். வேனில் வந்த உங்கள் ஆட்கள் எல்லாரும் கேட்டார்கள். அவர் கத்தியதில் தப்பே இல்லை.

அந்த வேலையை அவர் என்னிடம் கேட்கவில்லை, நான்தான் வலியப் போய் வாங்கினேன். கல்யாணம் முடிந்து உன்னைக் கொண்டுவந்து விட்ட அன்று அந்தக் காரில் ஏறினேன். வெயிலில் வெளுத்து சாம்பல் பூத்துக் கிடந்தது உள்பக்கம். "குடுங்க சம்பந்தி, புதுசாக்கித் தர்றேன்" என்றேன். பெண் கொடுத்த வீட்டில் என் கைவேலை ஒன்று இருக்கட்டும் என்ற ஆசை. தொழில் செய்கிறவனுக்கு அந்தப் பெருமை ஆகாது.

கதவின் உள்பக்கத் தட்டுகள் நான்கு, நடுவில் இருக்கும் பெட்டியின் மூடி, முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியின் மூடி, இவற்றைக் கழற்றி பஸ்ஸில் அனுப்பச் சொல். மறுபடி செய்து தருகிறேன். டேஷ்போர்டில் யார் கையும் படாது, அது இப்போதைக்கு இருக்கட்டும். கதவுக் கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்குரு ஒளிந்திருக்கும். அதை எடுக்காமல் இழுத்தால் கிளிப் உடைந்துவிடும் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

வளைகாப்புக்கு அம்மாவும் சித்தப்பாவும் வந்து உன்னை அழைத்து வருவார்கள். நான் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் மறுபடியும் போய் நிற்க என்னால் ஆகாது. வெட்கமாக இருக்கிறது கலை. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அப்பா


விழுப்புரம்
19.5.2025

அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டதையெல்லாம் அவர் கழற்றிவிட்டார். ஒரு கிளிப் உடைந்தது. ஸ்குரு இருக்கிறது என்று நான் சொன்னேன், "எனக்குத் தெரியாதா" என்று இழுத்தார். அவர் அப்பா மாதிரியேதான்.

கடிதத்தைச் சின்னப் பெட்டி மூடிக்குள் வைத்து, மேலே பழைய புடவையைச் சுற்றியிருக்கிறேன். இந்த வீட்டில் போன் பேசினால் கூடத்தில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். அதனால் நானும் காகிதம்தான்.

எனக்கு உங்கள் மேல்தான் கோபம். பெயிண்ட் ஒட்டியது போகட்டும். நீங்கள் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள்? "என் தப்புதான் சம்பந்தி, என் தப்புதான்." ஒரு தடவை சொன்னால் போதாதா? அம்மன் சன்னதியில் கும்பிடக் கூட நீங்கள் அவ்வளவு குனிந்து நான் பார்த்ததில்லை. மாமா கத்தியபோது எனக்கு அழுகை வரவில்லை. நீங்கள் குனிந்தபோது வந்தது.

அத்தை அந்தச் சட்டையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாள். கறுப்பு சாம்பல் ஆனதோடு சரி. தூக்கிப் போடலாம் என்றால் மாமா விடமாட்டேன் என்கிறார். "இருக்கட்டும், சம்பந்தி செஞ்ச சீரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். மாடிக் கொடியில் அது காயும்போது நான் துணி எடுக்கப் போவதில்லை.

இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வளைகாப்பு ஜூன் பன்னிரண்டு, வியாழக்கிழமை. நீங்கள் வராவிட்டால் அம்மா வந்து கூப்பிட்டாலும் நான் படி இறங்க மாட்டேன். தலைப்பிரசவம் இங்கேயே நடக்கட்டும். என் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

பெயிண்ட் ஏன் அப்படி ஆனது? பார்த்தால் தெரியுமா? தெரிந்தால் எழுதுங்கள்.

இன்னொன்று சொல்ல இருந்தது. வேண்டாம், இன்னொரு நாள்.

கலை


திண்டிவனம்
22.5.2025

அன்புள்ள கலைக்கு,

பார்சல் வந்தது. உடைந்த கிளிப்புக்கு என்னிடம் மாற்று இருக்கிறது, மாப்பிள்ளையை ஒன்றும் சொல்லாதே.

பெயிண்ட் ஏன் ஒட்டியது என்று கேட்டாய். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. புடவையைப் பிரித்ததும் கோயில் மூலஸ்தானத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. கதவுத் தட்டின் அடியில், தண்ணீர் பாட்டில் வைக்கிற பள்ளத்தில், கற்பூரப் பொடி. நடுப்பெட்டி மூடியின் உள்பக்கத்தில் கட்டைவிரலை வைத்தேன், ரேகை இல்லாத என் விரலே பதிந்தது. திருவக்கரையில் இது தெரிந்திருக்க வழியில்லை. அங்கே ஊரே கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தது.

நான் அடித்த பெயிண்டுக்கும் கற்பூரத்துக்கும் ஆகாது. மூடிய கார், சித்திரை வெயில், உள்ளே கற்பூரம் கரைந்து கரைந்து ஆவியானால் காய்ந்த பெயிண்டும் அல்வா மாதிரி இளகிவிடும். உன் மாமியார் பக்தியில் வைத்திருப்பார். வண்டிக்கு நல்லது என்று நினைத்திருப்பார். தயவுசெய்து நீ இதைப் போய்க் கேட்டுவிடாதே. கேட்டால் "உங்கப்பன் தப்ப என் தலையில கட்டுறியா" என்பார். அப்புறம் அந்த வீட்டில் நீ சோறு தின்ன முடியாது.

என் பேரிலும் தப்பு இருக்கிறது. பெயிண்டைக் கெட்டிப்படுத்தும் ஹார்ட்னர் கலந்து அடித்திருந்தால் கற்பூரத்துக்கு அது அசைந்திருக்காது. அது நன்றாக இறுக நாள் பிடிக்கும். சித்திரை பிறப்பதற்குள் வண்டி வேண்டும் என்று உன் மாமனார் சொன்னார், எனக்கும் அவரிடம் நல்ல பேர் வாங்கும் அவசரம். சீக்கிரம் காய்கிறதை அடித்தேன். ஆக, நான் சொன்னது பொய்யில்லை. என் தப்புதான்.

ஏன் கையைக் கட்டினீர்கள் என்கிறாய். பெண்ணைக் கொடுத்திருக்கிறேன். அங்கே நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால், அவர்கள் எனக்குப் பதில் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குப் போய் உனக்குச் சொல்வார்கள். அதற்குக் குனிவது சுலபம்.

வளைகாப்பு விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். அம்மா உன் அறையைச் சுத்தம் செய்து வைத்துவிட்டாள்.

அப்பா


விழுப்புரம்
26.5.2025

அப்பா,

கற்பூரம் வைத்தது அத்தை இல்லை. நான்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இனி முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் காரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன அன்று எல்லாரும் ஏறிப் பார்த்தோம். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்கவே இல்லை. அப்போது என் நாத்தனார் மூக்கைச் சுளித்தாள். "என்னா அண்ணி, வண்டி பூரா பெயிண்ட் கட வாட அடிக்குது? உங்க வூட்டு வாடயா?" என்றாள். அவள் கெட்டவள் இல்லை, வாய்தான் நீளம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா, நானும் சிரித்தேன். அதுதான் என்னால் இத்தனை நாள் எழுத முடியாமல் இருந்தது.

எனக்கு அந்த வாடை தெரியும். சாயங்காலம் நீங்கள் கடையிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால் வருகிற வாடை. காரில் ஏறியதும் நீங்கள் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அதைத்தான் போக்கிவிட வேண்டும் என்று தோன்றியது. மறுநாளே கடைக்குப் போய்க் கற்பூரம் வாங்கினேன். கைக்குட்டையில் கட்டி நடுப்பெட்டியில் ஒன்று, கதவுகளில் ஒவ்வொன்று. கரைந்ததும் திரும்பவும் வைத்தேன். கார் கோயில் மாதிரி மணக்கிறது என்று அத்தை என்னைப் பாராட்டினாள். உங்கள் வாடையை விரட்டிவிட்டு நான் பாராட்டு வாங்கிக்கொண்டேன்.

அதனால் பெயிண்ட் இளகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எதற்காக வைத்தேன் என்பது தெரிந்துதான் வைத்தேன். கோயில் வாசலில் நீங்கள் குனிந்து நின்றது என் கறைக்காக.

மாமாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் வைத்தாய் என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது?

எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமலிருக்க அதைவிட வெட்கமாக இருக்கிறது.

கலை


திண்டிவனம்
30.5.2025

கலைக்கு,

கடிதம் கிடைத்தது. பாகங்களைச் சுரண்டிக் கழுவி, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்திருக்கிறேன். மழை வரும்போல் இருக்கிறது. காய்ந்த பிறகுதான் மேல் வேலை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பாதுரை


விழுப்புரம்
2.6.2025

அப்பா,

கடைசியில் "அப்பா" என்று போடாமல் பேரைப் போட்டிருக்கிறீர்கள். பேங்கிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருந்தது. போடுங்கள், எனக்கு வேண்டியதுதான்.

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் இருந்தார்கள். நாத்தனாரும் வந்திருந்தாள். "மாமா, உங்க சட்ட கெட்டது எங்கப்பாவால இல்ல. வண்டியில நான் கற்பூரம் வெச்சேன், அதுல பெயிண்டு எளகிப்போச்சி" என்றேன்.

"கற்பூரம் வெச்சா நல்லதுதானே, அதுக்கு ஏன் அழுவுற?" என்றாள் அத்தை.

"எங்கப்பா வாட போவணும்னு வெச்சேன் அத்த."

நாத்தனார் எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது.

மாமா கேட்டார்: "இது அவுருக்குத் தெரியுமா?"

"பார்சலப் பிரிச்சதுமே கற்பூரம்தான்னு தெரிஞ்சிருக்கு. அத்ததான் வெச்சிருப்பாங்கன்னு நெனச்சிக்கினு, யாருகிட்டயும் கேக்காதன்னு எழுதியிருந்தாரு."

"அய்யய்ய, என் பேரா?" என்றாள் அத்தை. பிறகு மாமாவைப் பார்த்துத் திரும்பினாள். "தோ, இவுரு டூட்டி முடிச்சிட்டு டீசலும் வேர்வையுமா வருவாரு. நான் மூக்கப் பொத்திக்கினு சோறு போட்டிருக்கேன். நீங்க அந்த மனுசனப் போயி கோயிலு வாசல்ல நிக்க வெச்சிக் கத்துனீங்க."

மாமா மாடிக்குப் போய்க் கொடியில் கிடந்த சட்டையை எடுத்துவந்து, மடித்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வெகுநேரம் கழித்து உள்ளே வந்து, "எடுக்க மாட்டேங்குறாரு" என்றார். கத்தும்போது கூட அவர் முகம் அவ்வளவு சுருங்கி நான் பார்த்ததில்லை.

அவரிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எப்படி என்று தெரியவில்லை. நீங்கள் திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள் அப்பா. இந்த மழை, பிரைமர் எல்லாம் வேண்டாம்.

கலை


திண்டிவனம்
6.6.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் மாமனார் கூப்பிட்டதைப் பார்த்தேன். எடுத்தால் மன்னிப்புக் கேட்டுவிடுவாரோ என்று பயந்துதான் எடுக்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டால் அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பேன்?

திட்டி எழுதச் சொன்னாய். உன் கடிதம் வந்த அன்று திட்டத்தான் உட்கார்ந்தேன், பொய் சொல்ல மாட்டேன். கோபத்தில் ஸ்பிரே கன்னைக் கழுவாமல் வைத்து, அதன் மூக்கு அடைத்துப் பாழாய்ப்போனது. "அந்த வாடையில்தான் நீ படித்தாய், அந்த வாடையில்தான் உனக்குக் கல்யாண நகை வாங்கினேன்" என்று ஒரு பக்கம் எழுதினேன். காலையில் தபாலில் போடலாம் என்று ஆணியில் மாட்டியிருந்த வெளுத்த சட்டையை எடுத்து மாட்டினேன். கடிதத்தைப் பையில் செருகினால் உள்ளே ஏதோ தட்டுப்பட்டது.

என்னவென்று உனக்கே தெரியும். கற்பூரம்.

கடைக்குப் போடும் சட்டைகளில் இல்லை. வெளியே போடும் சட்டைகள் எல்லாவற்றின் பையிலும் இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மழை, பிரைமர் என்று எழுதி அனுப்பினேன்.

நீ ஆறாவது படிக்கும்போது ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட உன் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தள்ளி நின்றாள். நீ பார்த்தாயோ என்னவோ, நான் பார்த்தேன். அதிலிருந்து எங்கே கிளம்பினாலும் கற்பூரம்தான். கல்யாணம், காதுகுத்து, உன் காலேஜ் எதற்கும். எடுத்துவர யாரை அனுப்புவேன்? உன்னைத்தான். "பாப்பா, சாமி தட்டுல ரெண்டு கற்பூரம் எடுத்துக்கினு வா." நீ ஓடிப்போய் எடுத்துவந்து நீயே என் பையில் போடுவாய். எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே புரிந்துகொண்டிருக்கிறாய்.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று இரட்டிப்பாகப் போட்டிருந்தேன். உன் மாமனார் என் பக்கத்தில் உட்கார்ந்து, "கோயிலுக்குப் போய்ட்டு வர்றீங்களா, மணக்குதே" என்றார். "ஆமாங்க, தெனமும் போவாம இருக்க மாட்டேன்" என்றேன். கோயில் பக்கமே போகாதவன். அவர் என்னைப் பெரிய பக்திமான் என்று நம்பித்தான் சம்பந்தம் செய்தார்.

நாத்தனார் சிரித்த அன்று உன் கை தானாகக் கற்பூரத்துக்குப் போயிருக்கிறது. அந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்தவன் நான். என் வாடைக்கு முதலில் வெட்கப்பட்டவன் நான்தான், நீ எனக்குப் பிறகுதான். பெயிண்ட் ஒட்டியதற்குக் கோயில் வாசலில் தலை குனிந்தேன். இதற்கு எங்கே போய்க் குனிவது என்று தெரியவில்லை, பாப்பா.

பாகங்கள் முடிந்துவிட்டன. ஹார்ட்னர் கலந்து அடித்து, நன்றாக இறுகவிட்டுத்தான் அனுப்புகிறேன். நகத்தால் கீறினேன், எழும்பவில்லை. ஒரு துண்டில் கற்பூரத்தையே கட்டி வெயிலில் வைத்துப் பார்த்தேன், அதற்கும் அசையவில்லை. வாடை மட்டும் இன்னும் இருக்கிறது. கொஞ்ச நாளில் தானாகப் போய்விடும். அதற்குள் உனக்குக் குமட்டினால் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்.

வளைகாப்புக்கு நான் வருவதா வேண்டாமா, நீயே சொல். வந்தால் நான் இந்த வாடையோடுதான் வருவேன். தேய்த்துக் குளித்தும் பார்த்துவிட்டேன், இது போகிற வாடை இல்லை.

அப்பா


விழுப்புரம்
9.6.2025

அப்பா,

பார்சல் வந்த அன்றே அவர் எல்லாவற்றையும் மாட்டிவிட்டார். இந்தத் தடவை ஸ்குருவை முதலில் கழற்றி மாட்டினார், கிளிப் உடையவில்லை.

மாமா புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஏறி, முழங்கையைக் கதவுத் தட்டில் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். பிறகு இறங்கி, கையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இருந்தவர்களிடமெல்லாம் காட்டினார். வெள்ளையாகவே இருந்தது. நாங்களும் ஏறினோம். நாத்தனார் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக, "கண்ணாடிய எறக்கட்டுமா அண்ணி?" என்றாள்.

"வேணாம்" என்றேன். ஏறியதும் நீங்கள் முன்சீட்டில் இருந்தீர்கள். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்குக் குமட்டவில்லை அப்பா.

உங்கள் பக்தியின் கதையை மாமாவிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும், "அட, நானும் சம்பந்தி பெரிய பக்திமான்னு ஊரு பூரா சொல்லிக்கினு இருக்கேனே!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

வியாழக்கிழமை காலையில் மாமாவே வண்டியை எடுத்துக்கொண்டு உங்களைக் கூப்பிட வருகிறார். போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள், வாசலில் வந்து ஹாரன் அடித்தால் என்ன செய்வீர்கள் பார்க்கிறேன் என்கிறார். அந்தக் கறைபட்ட சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருவேன் என்று பீரோ சாவியைக் கேட்கிறார். நல்ல காரியத்துக்கு அதுவா என்று அத்தை கொடுக்க மறுக்கிறாள். சண்டை நடந்துகொண்டிருக்கிறது. முன்சீட்டில் அவர் பக்கத்தில் நீங்கள் உட்கார வேண்டும். சாயங்காலம் அதே காரில் என்னைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

எந்தச் சட்டை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன்னால் பையில் கை விட்டுப் பாருங்கள். இருந்தால், எடுத்துச் சாமி தட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் பாப்பா